ரெண்டு பெஞ்ச் போட யார்கிட்ட கேக்கணும்?

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இறங்குனா, ஹோட்டல் போர்டுகளைப் பாக்காதீங்க. ரோட்டோரத்தைப் பாருங்க. காலையில வெறும் தரையா கிடந்த இடத்துல ஒரு தள்ளுவண்டி வந்து நிக்கும். வண்டி மேல இட்லிக் கொப்பரை, தோசைக்கல், தூக்குவாளியில சாம்பார், எவர்சில்வர் டப்பாவுல ரெண்டு சட்னி. பின்னாடி இருக்கிற கடையில இருந்து ஒரு வயர் இழுத்து எல்.இ.டி. பல்பு ஒண்ணு தொங்கும். வண்டிக்கு முன்னாடி ரெண்டு மர பெஞ்ச். அவ்வளவுதான் மொத்த ரெஸ்டாரன்ட். ராத்திரி பத்தரைக்கெல்லாம் எல்லாம் வண்டி மேல ஏறிடும். கழுவி ஊத்துன தண்ணி காயறதுக்குள்ள, அங்க ஒரு கடை இருந்த தடயமே இருக்காது.

நீங்க ஹாஸ்டல்காரரா இருந்தா மெஸ் சப்பாத்திக்குப் பயந்து இந்த மாதிரிக் கடையில எத்தனையோ தடவை சாப்பிட்டிருப்பீங்க. டே ஸ்காலரா இருந்தா லேப் முடிஞ்சு பஸ்ஸை விட்டுட்டு சாப்பிட்டிருப்பீங்க. ராஜபாளையமோ வில்லிபுத்தூரோ, ரெண்டு ஊருக்கும் நடுவுல பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சட்னிதான் கொஞ்சம் மாறும். சாப்பிடும்போது நமக்கு வராத கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த இடத்துல கடை போட அவங்களுக்கு அனுமதி இருக்கா? இருந்தா யார் குடுத்தது? வண்டிக்கு அனுமதின்னா அது பெஞ்சுக்கும் சேர்த்தா?

பெஞ்சுக்கெல்லாமா அனுமதின்னு சிரிக்காதீங்க. பெஞ்ச்தான் விஷயமே.

நமக்கு இருபது வயசு. நின்னுக்கிட்டே நாலு புரோட்டா உள்ள போயிடும். ராஜபாளையம் மில் ஊரு. எட்டு மணி நேரம் நூல் இழை அறுந்து அறுந்து ஒட்டவெச்சுக்கிட்டே நடந்த ஒரு அக்கா, ஷிப்டு முடிஞ்சு வரும்போது அவங்களுக்கு வேண்டியது இட்லி மட்டும் இல்ல, உக்கார ஒரு இடம். ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்கக் காத்திருக்கிற தாத்தாவுக்கும் அதேதான். இடுப்புல குழந்தையோட வர்றவங்க ஒரு கையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு எப்படி நின்னு சாப்பிடுவாங்க? உள்ள ஏ.சி. ஹாலுக்குப் போய் உக்காரலாம்தான், அந்த ரேட்டைக் குடுக்க முடிஞ்சா. ஒரு ஏழை மனுஷனுக்கு இந்த ஊர் குடுக்கிற டைனிங் ஹால் அந்த ரெண்டு பெஞ்ச்தான். ரோட்டை அகலப்படுத்தணும், நெரிசலைக் குறைக்கணும்னு யாராவது கிளம்புனா முதல்ல தூக்கப்படறதும் அந்த பெஞ்ச்தான். வண்டிக்குச் சக்கரம் இருக்கு, உருட்டிக்கிட்டுப் போயிடலாம். பெஞ்சுக்குச் சக்கரம் இல்ல.

இதுல ரெண்டு ஆளு இருக்காங்கங்கிறதை முதல்ல பிரிச்சுக்கணும். ஒருத்தர், சொந்தமாவோ வாடகைக்கோ கட்டிடம் வெச்சு ஹோட்டல் நடத்துறவர். சாயங்காலமானா அவர் புரோட்டாக் கல்லை வாசலுக்குக் கொண்டுவந்துடுவார். சாக்கடை மூடி மேல நாலு பிளாஸ்டிக் டேபிள், பதினாறு சேர். இன்னொருத்தர், கட்டிடமே இல்லாத தள்ளுவண்டிக்காரர். பாக்கிற நமக்கு ரெண்டும் ரோட்டோரச் சாப்பாடுதான். சட்டத்துக்கு ரெண்டும் வேற வேற. முதல் ஆள் செய்யறது, தனியா அனுமதி வாங்காத வரைக்கும், ஆக்கிரமிப்பு. ரெண்டாவது ஆளுக்குன்னே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கு. ஆனா தெருவுல நடக்கிறதைப் பாத்தா, யாருக்குப் பாதுகாப்பு, யாருக்குப் பயம்னு நேர்மாறாத்தான் தோணும். சேர் போட்ட முதலாளி கல்லாவுல நிம்மதியா உக்காந்திருப்பார். வண்டிக்காரம்மா ஜீப் சத்தம் கேட்டா திரும்பித் திரும்பிப் பாப்பாங்க.

தெருவைக் கொஞ்ச நேரத்துக்கு வேற வேலைக்குக் குடுக்கிறது நமக்குப் புதுசு இல்ல. பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, ராத்திரி கடைத்தெருவுக்கு அல்லங்காடின்னு மதுரைக்காஞ்சி காலத்துலயே தனித்தனிப் பேர் இருந்திருக்கு. வில்லிபுத்தூர்ல ஆடிப்பூரம் பாத்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். மாவட்டத்துக்கே உள்ளூர் லீவு விடுற திருவிழா. ரத வீதிகளும் அதையொட்டின தெருக்களும் அந்த நாட்கள்ல ரோடாவா இருக்கும்? பொரி, பேரீச்சம்பழம், வளையல், கரும்புச்சாறு, மிளகாய் பஜ்ஜி, பால்கோவா, ராட்டினம்னு ஊரே தரையில இறங்கிடும். எனக்கு அதுல பிடிச்சது கடைகள் இல்ல, அது நகர்ற விதம். தேர் வரப்போகுதுன்னா முந்தின ராத்திரியே கடைகள் பின்னால போயிடும். வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு இடம், தேர்ச் சக்கரத்துக்கு இடம், முட்டுக்கட்டை போடறவங்க ஓடறதுக்கு இடம். தேர் அந்த வீதியைக் கடந்ததும் பின்னாலயே தார்ப்பாய் மறுபடி விரியும். எந்த இடம், எவ்வளவு நேரம், எப்ப காலி பண்ணணும், இந்த மூணும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா ஒரே தெரு தேருக்கும் ஆகும், பஜ்ஜிக்கும் ஆகும்.

நம்ம பழைய சட்டத்துக்கும் இது தெரிஞ்சிருந்தது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்துல, நகராட்சிக்கு உட்பட்ட தெருவுல தற்காலிகமா பந்தலோ வேற அமைப்போ போட உரிமம் குடுக்கலாம்னு ஒரு பிரிவு இருந்தது. கல்யாணப் பந்தல், கட்சிக் கூட்ட மேடை எல்லாம் இந்த மாதிரி அனுமதியிலதான் நின்னது. 2023 ஏப்ரல்ல நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதோட புது விதிகளும் நடைமுறைக்கு வந்து, அந்த நூறு வயசுச் சட்டம் ஓய்வு வாங்கிடுச்சு. ஆனா ஒரு நாள் கல்யாணத்துக்குத் தெருவை அடைச்சுப் பந்தல் போடறவரை நாம யாரும் ஆக்கிரமிப்பாளர்னு சொல்றதில்ல. தினமும் நாலு மணி நேரம் ரெண்டு பெஞ்ச் போடறவங்களைத்தான் சொல்றோம். கல்யாண வீட்டுக்காரர் எங்க மனு குடுக்கணும்னு தெரிஞ்சவரா இருக்கார். வித்தியாசம் அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது.

சரி, நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு வருவோம். தெருவுல வியாபாரம் பண்றதும் அரசியல் சட்டம் சொல்ற தொழில் உரிமைக்குள்ள வரும், நியாயமான கட்டுப்பாடு வேணா போட்டுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 1989-ல சோதன் சிங் வழக்குல சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்ததுதான் சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014. அந்த வருஷம் மே 1-ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்னிக்கே, அமலுக்கு வந்தது. தமிழ்நாடு அதுக்கான திட்டத்தையும் விதிகளையும் 2015-ல போட்டது.

இந்தச் சட்டத்தை நான் முழுசா வாசிச்சேன். நாப்பதுக்கும் குறைவான பிரிவுகள்தான். நம்ம ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் புக்கை விட எவ்வளவோ எளிது. அதுல இருக்கிறது இதுதான். உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொண்ணும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது தன் ஊர்ல இருக்கிற எல்லா சாலையோர வியாபாரிகளையும் கணக்கெடுக்கணும். கணக்குல வந்தவங்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தரணும். ஊர் மக்கள்தொகையில 2.5 சதவீதம்ங்கிற அளவுக்குள்ள அவங்க எல்லாருக்கும் இடம் ஒதுக்கணும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ராஜபாளையம் நகராட்சியில சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல சுமார் 75 ஆயிரம். பெருக்கிப் பாருங்க: ராஜபாளையத்துக்கு 3,250 பேருக்கு மேல, வில்லிபுத்தூருக்கு கிட்டத்தட்ட 1,880. பூக்காரம்மா, கொய்யாப்பழம், செருப்பு தைக்கிறவர், இட்லிக்கடை எல்லாரும் சேர்த்துத்தான். சின்ன எண்ணிக்கை இல்ல.

இந்த முடிவுகளை எடுக்கிறதுக்கு நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். அதுல குறைஞ்சது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்து அனுப்புற வியாபாரிகளா இருக்கணும். அந்த வியாபாரிகள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். சான்றிதழ் வாங்குறவர், தானோ தன் குடும்பத்தாரோதான் கடையை நடத்துவேன், வேற பிழைப்பு எனக்கு இல்ல, இந்த அட்டையை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். மேல சொன்ன பதினாறு சேர் முதலாளி இந்த வழியில உள்ள வர முடியாதது இதனாலதான்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது கடைசியில இருக்கிற அட்டவணை. ஒரு இடத்தை 'இங்க வியாபாரமே கூடாது'ன்னு அறிவிக்கணும்னா என்னென்ன காரணம் செல்லாதுன்னு அதுல எழுதியிருக்காங்க. கூட்டமா இருக்கு, அதனால தடைன்னு சொல்லக் கூடாது. குப்பை சேருதுன்னு சொல்லணும்னா, அந்தக் குப்பைக்கு வியாபாரிகள் மட்டுமே காரணம், நகராட்சியே சுத்தம் பண்ணித் தீர்க்க முடியாதுங்கிற நிலை இருக்கணும். கணக்கெடுப்பும் திட்டமும் முடியாத வரைக்கும் எந்த இடத்தையும் தடைப் பகுதின்னு அறிவிக்கவே கூடாது. நம்ம ஊர் ரோட்டோரங்கள்ல அறிவிப்புப் பலகை பாத்திருப்பீங்களே, அடுத்த தடவை இதை மனசுல வெச்சுக்கிட்டு வாசிங்க.

எடுக்கச் சொல்லணும்னா 30 நாள் முன்னாடி நோட்டீஸ். அதுக்கப்புறமும் எடுக்கலைன்னா பறிமுதல் பண்ணலாம். ஆனா என்னென்ன எடுத்தோம்னு பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வியாபாரி கையில குடுக்கணும். திருப்பிக் கேட்டா, அழுகற பொருளை அன்னிக்கே குடுக்கணும், மத்த பொருளை ரெண்டு வேலை நாளுக்குள்ள.

இந்தப் பட்டியல் விஷயத்துலதான் எனக்குக் கோபம் வரும். எங்க பெரியம்மா வேற மாவட்டத்துல ஒரு ஊர்ல சாயங்காலம் இட்லியும் குழிப்பணியாரமும் போடறாங்க. ஊர் பேர் இங்க வேண்டாம். பெரியப்பா இறந்ததுல இருந்து பதினோரு வருஷமா அதே மரத்தடி. போன செமஸ்டர் லீவுல நான் அங்க இருந்தேன். யாரோ பெரிய ஆள் வர்றாங்கன்னு ரோட்டைச் சுத்தம் பண்ண ஒரு மினி லாரி வந்தது. முதல்ல பெஞ்ச் ரெண்டும் ஏறுச்சு. அதுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு ஐயா, தட்டைக் கையில வெச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னார். அப்புறம் மேசை, அடுப்பு, சிலிண்டர். சாம்பார் வாளியைக் கீழ வெக்கச் சொன்னாங்க. வெச்சதுல பாதி ரோட்டுல. நான் போய், "சார், என்னென்ன எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டேன். "தம்பி என்ன படிக்கிறீங்க?"ன்னு கேட்டார். "சிவில்"னேன். "அப்ப ரோடு எதுக்குன்னு உங்களுக்கே தெரியுமே"ன்னுட்டு வண்டியில ஏறிட்டார்.

மூணு நாள் நடந்து, அபராதம் கட்டி, அடுப்பும் மேசையும் வந்தது. பெஞ்ச் வரல. "பெஞ்சா? அப்படி எதுவும் இங்க இல்லையே"ன்னுட்டாங்க. பட்டியல் இல்ல, அதனால பெஞ்சும் இல்ல. அந்த ஊர்ல கணக்கெடுப்பு நடந்திருந்தது, மத்தவங்க சிலர்கிட்ட அட்டை இருக்கு. பெரியம்மாகிட்ட ஏன் இல்லைன்னு விசாரிச்சா, கணக்கெடுக்க வந்தவங்க வந்தது காலையில பதினோரு மணிக்கு. சாயங்காலக் கடை காலையில எப்படி இருக்கும்? மரம் மட்டும்தான் இருந்திருக்கும்.

இப்ப பெரியம்மா பார்சல் மட்டும்தான் குடுக்கிறாங்க. வியாபாரம் முன்ன மாதிரி பாதிக்கும் கீழ. "உக்காந்து சாப்பிட்டாத்தான்டா இன்னும் ரெண்டு வைங்கம்பாங்க, பார்சல்ல யாரு கேப்பா"ன்னாங்க ஒரு நாள் போன்ல. பிசினஸ் மேனேஜ்மென்ட் எலெக்டிவ்ல இதை எங்களுக்கு ஒரு யூனிட் முழுக்க நடத்துனாங்க. பெரியம்மாவுக்கு ஒரே வரி போதும்.

ரோடு எதுக்குன்னு கேட்டாரே, அதை ஒரு கணக்காவே போட்டுப் பாப்போம். நம்ம வாத்தியார்கள் சொல்லிக் குடுக்கிற பார்க்கிங் அளவு ஒரு காருக்கு 5 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 134 சதுர அடி. ஆறடிக்கு நாலடி தள்ளுவண்டி 24 சதுர அடி. அஞ்சடி பெஞ்ச் ரெண்டு, கால் நீட்டற இடத்தோட சேர்த்தா இன்னொரு 40. மொத்தம் 64. ஒரு கார் நிக்கிற இடத்துல ரெண்டு இட்லிக்கடை, நாலு பெஞ்சோட. ரெண்டு பெஞ்சுல எட்டு பேர். ஒரு ஆளுக்கு கால் மணி நேரம். ஏழு மணியில இருந்து பத்தரை வரைக்கும் 14 சுத்து. பேப்பர் கணக்குல 112 பேர். பாதிதான் வருவாங்கன்னு வெச்சாலும் அம்பத்தாறு பேர். அதே இடத்துல காரை நிறுத்திட்டு ஜவுளிக்கடைக்குள்ள போன குடும்பம் ரெண்டு மணி நேரம் கழிச்சு வரும், ரோட்டுக்கு ஒரு பைசா குடுக்காம. அவங்களை ஆக்கிரமிப்புன்னு நாம சொல்றதே இல்ல.

இந்தக் கணக்கை ஒரு பெரிய ஊர் போட்டுப் பாத்திருக்கு. 2020-ல கொரோனா வந்து ஹோட்டலுக்குள்ள உக்காரக் கூடாதுன்னு ஆனப்ப, நியூயார்க் நகரம் ஜூன் மாசம் கார் நிறுத்துற இடத்துல டேபிள் போட ஹோட்டல்களை அனுமதிச்சுது. பல ஆயிரம் ஹோட்டல்கள் ரோட்டுல இறங்குச்சு. அவசரத்துக்குப் போட்ட ஷெட்டு எல்லாம் வருஷக்கணக்குல நின்னு, எலி, குப்பை, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைன்னு ஆனதும், 2023-ல நிரந்தரமா ஒரு சட்டம் போட்டாங்க. நடைபாதையில வருஷம் முழுக்க போடலாம். ரோட்டுல போடறதுன்னா ஏப்ரல் 1-ல இருந்து நவம்பர் 29 வரைக்கும்தான். அப்புறம் கழட்டி எடுத்துடணும். நாலு வருஷ உரிமத்துக்கு 1,050 டாலர், அதுபோக இடத்தோட அளவுக்கு ஏத்த வாடகை. புது விதி வந்ததும் பல ஹோட்டல்கள் கட்டுப்படியாகலைன்னு விலகிடுச்சு. ஆனாலும் எங்க, எவ்வளவு, எப்ப எடுக்கணும்ங்கிறது காகிதத்துல இருக்கு. நம்ம ஆடிப்பூர விதிதான், டாலர்ல.

அந்த ஊரை ரொம்பப் புகழவும் வேண்டாம். அதே நியூயார்க்ல தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைகளுக்கான பெர்மிட் சுமார் 3,000-தான்னு 1983-லயே கட்டிப் போட்டுட்டாங்க. வண்டிக்காரங்க பல பத்து வருஷமா வரிசையில நின்னாங்க. சிலர் கள்ளச் சந்தையில அடுத்தவர் பெர்மிட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுனாங்க. 2021-லதான் வருஷத்துக்குக் கொஞ்சமா கூட்டிக் குடுக்கச் சட்டம் வந்தது. கட்டிடம் வெச்சிருக்கிறவருக்குச் சில வாரத்துல ரோடு கிடைச்சுது, வண்டிக்காரருக்கு நாப்பது வருஷம் ஆச்சு. விருதுநகர் மாவட்டத்துல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க.

பெஞ்சுக்காக இவ்வளவு வாதாடறவன் நடக்கிறவங்களை மறந்துட்டானேன்னு நீங்க கேக்கலாம். நியாயம். நடைபாதையில கடை போட்டா சக்கர நாற்காலியில வர்றவர் ரோட்டுல இறங்கித்தான் ஆகணும். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி ஸ்கூல் பிள்ளைங்க நடக்கிற பக்கம் இருக்கிறதை நானே ஏத்துக்க மாட்டேன். நடைபாதை வடிவமைப்புக்கு இந்தியச் சாலைப் பேரவை சொல்ற அளவு, எந்தத் தடையும் இல்லாத 1.8 மீட்டர் அகலம். முதல்ல அதை விட்டுடணும், மிச்சத்துலதான் பேச்சு. ஆனா ரெண்டு ஊர்லயும் அந்த 1.8 மீட்டர் எங்க இருக்குன்னு டேப் எடுத்துக்கிட்டுப் போய்த் தேடுங்க. டிரான்ஸ்பார்மர், உடைஞ்ச சாக்கடை மூடி, கடைக்காரர் இறக்கி வெச்ச சிமெண்ட் படி, வரிசையா பைக். இவ்வளவையும் தாண்டி வந்து நாம விரலை நீட்டறது இட்லிக்கடைப் பக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருமங்கலத்துல இருந்து வில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியா கொல்லம் போற நம்ம மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை 744. ஊருக்கு நடுவுல ஓடுனாலும் அது நகராட்சி ரோடு இல்ல. அங்க நகராட்சி நினைச்சாலும் தனியா முடிவெடுக்க முடியாது. கேரளா லாரி போற ரோட்டுல பெஞ்ச் போடணும்னு நானும் கேக்கல. ஆனா அதுல இருந்து பிரியற தெருக்கள், ராத்திரி எட்டரைக்கு ஷட்டர் இறங்கிடற கடைகளோட முகப்பு, மார்க்கெட் மூடின பிறகு சும்மா கிடக்கிற வெளி, இதெல்லாம் இருக்கே. தரையில வெள்ளை பெயின்ட்ல ஒரு கட்டம், அதுக்குள்ள ஒரு நம்பர், ஏழு மணியில இருந்து பதினோரு மணின்னு ஒரு பலகை, கை கழுவ ஒரு குழாய், ஒரு குப்பைத்தொட்டி. இதுக்கு ஸ்மார்ட் சிட்டி நிதியெல்லாம் வேண்டாம். கணக்கெடுக்கிறவர் காலையில ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை வந்தா போதும்.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, மினி புராஜெக்டுக்கு என்ன தலைப்புன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல தேடிக்கிட்டிருக்கீங்க இல்லையா, ஒரு தெருவை எடுத்து ராத்திரி எட்டு மணி நிலவரத்தை அளந்து வரைஞ்சு பாருங்க. வண்டி எங்க, பெஞ்ச் எங்க, நடக்க மிச்சம் எவ்வளவு. அந்த மாதிரி ஒரு வரைபடம் கையில இருந்தா, நகர விற்பனைக் குழுவுல உக்காந்திருக்கிற வியாபாரிக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கும் வேலை உண்டு; ஆனா தயவுசெஞ்சு ஆப் மட்டும் பண்ணாதீங்க.

இதை எழுதறதுக்காக வில்லிபுத்தூர்ல நான் எப்பவும் சாப்பிடற கடையில, கூட்டம் குறைஞ்ச நேரமா பாத்து, "அக்கா, உங்ககிட்ட நகராட்சி அட்டை இருக்கா?"ன்னு கேட்டேன். சட்டுனு முகம் மாறிடுச்சு. "ஏன் தம்பி, யாராவது வர்றாங்களா?" இல்லக்கா, சும்மாதான், காலேஜ் பத்திரிகைக்குன்னு சொன்ன பிறகுதான் கை துடைச்சுட்டு வண்டிக்கு அடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாங்க. கேஸ் புக்கு, மகளோட டி.சி. நகல், அதுக்கு நடுவுல லேமினேஷன் பண்ணின அட்டை. போட்டோவுல இப்ப இருக்கிறதை விட இளைச்சிருந்தாங்க.

"இது லோனுக்குக் குடுத்தது தம்பி. இதை வெச்சுத்தான் பத்தாயிரம் வாங்குனேன். அதுக்கு முன்னாடி தண்டல்தான், காலையில தொள்ளாயிரம் வாங்குனா சாயங்காலம் ஆயிரம் குடுக்கணும்." 2020 ஜூன்ல ஆரம்பிச்ச பி.எம். ஸ்வநிதி கடனைத்தான் சொல்றாங்க. முதல் தவணை அப்ப 10,000, சரியாக் கட்டுனா அடுத்து 20,000, அப்புறம் 50,000. அக்கா முதல் தவணையைக் கட்டி முடிச்சுட்டாங்க. அட்டையோட வேலை அதோட முடிஞ்சுதுன்னு கவர்ல போட்டுட்டாங்க.

நான் அவங்களுக்கு மூணு விஷயம் சொன்னேன். நோட்டீஸ் இல்லாம எடுக்கச் சொல்லக் கூடாது, 30 நாள். எதையாவது எடுத்தா பட்டியல் கேளுங்க, கையெழுத்தோட. இந்த அட்டை லோனுக்கு மட்டும் இல்ல, இடத்துக்கும்தான். கல்லுல ஊத்துன தோசை கருகறதைக்கூடக் கவனிக்காம கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் தோசையைச் சுரண்டி ஓரமாப் போட்டுட்டுக் கேட்டாங்க:

"அப்ப இந்த பெஞ்ச்? பெஞ்ச் போடலாம்னு இதுல இருக்கா?"

அட்டையைப் பல்பு வெளிச்சத்துல பிடிச்சு முன்னாலயும் பின்னாலயும் வாசிச்சேன். பேரு, வயசு, தெரு, உணவு வியாபாரம்னு இருந்தது. பெஞ்ச்னு எங்கயும் இல்ல.

"இல்லக்கா"ன்னேன்.

"எழுதச் சொல்லி மனு குடுக்க முடியுமா?"

முடியும். நகராட்சி ஆணையருக்கு, நகர விற்பனைக் குழுவுக்கு ஒரு நகலோட. அக்கா சொல்லச் சொல்ல அங்கயே, அந்த பெஞ்சுல உக்காந்துதான் எழுதுனேன். ஏழு மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும், அஞ்சடி நீள பெஞ்ச் ரெண்டு, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சாப்பிட. கீழ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க: தேர் அன்னிக்கு எடுத்துக்கிறேன்.